ஞானசெல்வி நாலு

எபி என் இடது கைமேல் தூங்குகிறான். கை மரத்துவிட்டது. உருவினால் விழிப்பான், விழித்தால் பசிக்கும், பசித்தால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய் அந்தக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாக வேண்டும், அதனால் கை மரத்தே கிடக்கட்டும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் க்ளுக் என்கிறது. சரிபண்ணுகிறேன் சரிபண்ணுகிறேன் என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார், துறைமுகத்தில் அத்தனை பெரிய கிரேனை ஓட்டுகிற மனுஷனுக்கு வீட்டு விசிறியின் ஒரு திருகாணி எட்டவில்லை. தெருவில் உப்பு லாரி போகிறது, ஜன்னல் கம்பி அதிர்கிறது, எபியின் இமை அதிர்கிறது, கடவுளே விழிக்காதே, இல்லை, விழிக்கவில்லை, உதட்டை மட்டும் சப்புகிறான், கனவிலும் பசிதான் போல. உச்சந்தலையை மோந்து பார்க்கிறேன். பால் லேசாகப் புளித்த வாசனை, என் வாசனைதான் அது, வியர்வையோடு சேர்ந்து அவன் வாசனையாகிவிட்டது. இந்த வாசனையை ஒரு சீசாவில் அடைக்க முடிந்தால் அடைத்து வைத்துக்கொள்வேன். காது மடலில் ரோமம் இன்னும் உதிரவில்லை. கழுத்து மடிப்பு போய்விட்டது. முன்னே அதில் பவுடர் தங்கும், துடைக்கத் துடைக்க வரும், இப்போது மடிப்பே இல்லை, கழுத்து வெறும் கழுத்தாக இருக்கிறது. டாக்டரம்மா தராசில் வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். "ஒன்பது மாசப் பிள்ளைக்கு உன் பால் மட்டும் பத்துமாம்மா? பயந்து பயந்து நீயே அவனைப் பட்டினி போடுறே. இன்னையிலேருந்து குழைச்ச சோறு, தயிர், ஏதாச்சும் ஆரம்பி. எடை இன்னும் இறங்கினா நான் உன்னைச் சும்மா விட மாட்டேன்." சரி டாக்டர், சரி டாக்டர் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டு வந்தேன். வந்து பால் வாங்கினேன், காய்ச்சினேன், உறை ஊற்றினேன். இன்று காலையில் நடந்தது இது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். சரியாகத்தான். ஆனால் ஏதோ ஒன்று, நகத்துக்கடியில் போன சிராய் மாதிரி, காலையிலிருந்து உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

பட்டினி என்ற சொல்லை அவர்கள் சொல்லியிருக்க வேண்டாம். நானா பட்டினி போடுவேன்? ஏழு மாதத்தில் இட்லியை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன், கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன், நெத்திலியில் முள் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தேன், அப்போதுதான் அந்த வயிற்றுப்போக்கு வந்தது. துணி துணியாக நனைந்தது. அழக்கூடத் தண்ணீர் இல்லாமல் போனான், அழுகை இருந்தது, கண்ணீர் இல்லை. அந்தச் சின்னக் காலில் ஊசி இறங்க இடம் கிடைக்காமல் நர்ஸ் தட்டித் தட்டித் தேடினார்கள், நான் சுவரைப் பார்த்து நின்றேன், சுவரில் ஒரு பல்லி, அந்தப் பல்லியின் வயிறு அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "இந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் ஒருதடவை வரும், எதுன்னு தேடாதே" என்றார்கள் ஆஸ்பத்திரியில். தேடாதே என்றால்? தேடுவதுதானே என் வேலை. நான் தேடாமல் இருந்தால் எனக்குச் சம்பளம் ஏது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் அதன் விளிம்புதான் கண்ணில் படுகிறது. கரண்டியின் கழுத்து, மிக்ஸி மூடியின் ரப்பர், பால் கவரைக் கத்தரித்த மூலை. கான்வென்டில் சிஸ்டர் பெர்ப்பெத்துவா எங்களை வரிசையாக நிற்கவைத்து நகம் பார்ப்பார்கள். "மெர்சிலின், அழுக்கிருந்தா காவல் தூதர் பக்கத்துல வர மாட்டார்." நான் சுண்டுவிரல் நகத்தை ஊக்கால் சுரண்டிச் சுரண்டி ரத்தம் வரவைத்தேன். காவல் தூதர் சோப்பு வாசனை அடிப்பார் என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன், வெள்ளை அங்கி, கஞ்சி போட்டது. பிறகு நுண்ணுயிரியல் படித்து, இறால் ஏற்றுமதிக் கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயும் வெள்ளை அங்கிதான். எங்கே போனாலும் என்னைக் கை கழுவ அனுப்புகிறார்கள்.

லேபில் என் வேலை லிஸ்டீரியாவைத் தேடுவது. அவித்து உறையவைத்த இறாலில் அது ஒன்றே ஒன்று இருந்தாலும் கப்பலேறிய சரக்கு முழுக்கத் திரும்பி வரும். மற்றக் கிருமிகள் குளிருக்கு அடங்கும், இது அடங்காது, ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்து மெதுவாகப் பெருகும், சூலிப் பெண் சாப்பிட்டால் கர்ப்பத்துக்கே போய்விடும். எபி வயிற்றில் இருந்தபோது நான் அதைத் தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தேன், கையுறை, முகமூடி, கண்ணாடிக் கூண்டு எல்லாம் உண்டு, ஆனாலும் வீட்டுக்கு வந்து வயிற்றைத் தொடுவதற்கு முன் முழங்கை வரை கழுவுவேன். அப்போதுதான் ஷாகுலுக்கு அந்த யோசனை வந்தது. என்னோடு வேலை பார்ப்பவன், காயல்பட்டினம், வாய் ஓயாது. மருந்தடிக்காமல், கிருமியை வைத்தே கிருமியை அடக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றான். தயிரில், மாவில், ஊறுகிற எதிலும் இருக்கிற நல்ல பாக்டீரியா சிலது தன் இடத்துக்குப் போட்டிக்கு வருகிறவனைக் கொல்ல ஒரு சின்னப் புரதம் செய்து வெளியே விடும். அது போய் எதிரியின் மேல்தோலில் ஓட்டை போடும், உள்ளே இருக்கிறதெல்லாம் ஒழுகிவிடும், அவ்வளவுதான். நமக்கு ஒன்றும் செய்யாது, நம் வயிறு அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும். ஆளாளுக்கு மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஒரு துளி தயிர் கொடுத்தோம். என் டப்பாவில் இருந்தது மைனி உறை ஊற்றிய தயிர். அத்தானுக்கு அக்கா, கீழ்வீட்டில் இருக்கிறார்கள், ஞானசெல்வி என்று பெயர், நான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் எனக்குச் சோறு கட்டியது அவர்கள்தான். தயிரிலிருந்து பிரித்த பாக்டீரியாக்களைத் தனித்தனியே வளர்த்து, அவை வளர்ந்த நீரை வடிகட்டி, லிஸ்டீரியா படர்ந்த தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தோம். மறுநாள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாச் சொட்டும் சும்மா கிடக்கிறது, ஒரு சொட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம், பனி படிந்த கண்ணாடியில் யாரோ விரல் வைத்துத் துடைத்த மாதிரி. ஒரு லிஸ்டீரியா இல்லை உள்ளே. அது என் டப்பாவிலிருந்து எடுத்த நாலாவது. ஷாகுல் குழாயில் பெயர் எழுதினான், ஞானசெல்வி நாலு. "மேடம், உங்க மைனி ஒத்த ஆளா நின்னு ஊரையே காலி பண்ணிட்டாங்க."

இதை வந்து மைனியிடம் சொன்னேனே, அந்த முகத்தை மறக்க முடியுமா. கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிவிட்டு எழுந்தார்கள். "ஏட்டி, எம்பேர்ல ஒரு கிருமியா?" "நல்ல கிருமி மைனி." "கிருமில என்னட்டி நல்லது கெட்டது? அந்தப் பயலுக்கு அவங்க வீட்டு ஆளுக பேரு ஒண்ணும் கெடைக்கலையாமா? நாலுன்னா? அப்ப மத்த மூணு?" "மத்த மூணும் ஒண்ணுஞ் செய்யாம இருந்துச்சு மைனி." "பாத்தியா, நாலுல மூணு சும்மா இருக்கும். உங்க அத்தான் கூடப்பொறந்த லட்சணம்." அன்றைக்கு முழுக்கக் கோபம். மறுநாள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறேன், பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், "நம்ம வீட்டுத் தயிரு கப்பல்ல போவுது, தெரியுமா." இறாலைத் தயிரில் தோய்த்து ஜப்பானுக்கு அனுப்புகிறோம் என்றே நினைத்துவிட்டார்கள், நானும் திருத்தவில்லை. திருத்தினால் நிமிர்ந்திருந்த அந்தத் தோள் மறுபடி இறங்கிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மீன் ஆயத் தெரியாது, செவுளை எடுக்காமல் குழம்பு வைத்துவிட்டேன், மாமியார் இல்லாத வீடு, மைனிதான் கேட்க வேண்டும், கேட்கவில்லை, "கான்வென்டுல மீனுக்குச் செவுளே இருக்காதுபோல" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எபியை முதலில் கையில் வாங்கியது அவர்கள். அந்தக் கையில்தான்.

அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதுதான் வெட்கம். மைனி பாலுக்குள் விரலை விட்டுச் சூடு பார்ப்பார்கள், அதே விரலால் உறைமோரைக் கலக்குவார்கள், முந்தானையில் துடைத்துக்கொள்வார்கள். அந்த விரலில்தான் ஞானசெல்வி நாலு இருந்ததோ என்னவோ, இருக்கலாம், பால் பாத்திரத்திலும் இருந்திருக்கலாம். ஆனால் விரலில் வேறென்னவும் இருக்கலாம். தெளிந்த வட்டத்தை என் கண்ணால் பார்த்தவள் நான், அது லிஸ்டீரியாவுக்கு மட்டும்தான் என்றும் தெரிந்தவள் நான். வேறு பல கிருமிகளுக்கு மேலே இன்னொரு சவ்வு இருக்கிறது, இந்தப் புரதம் அதில் மோதி நின்றுவிடும், தயிரின் புளிப்பு அந்தச் சவ்வைக் கொஞ்சம் இளக்கும், கொஞ்சம்தான். எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றுகிற ஒன்று கிடையாது. இவ்வளவு தெரிந்து என்ன பயன், தெரியாதவர்கள் வீட்டில் பிள்ளைகள் கொழுகொழுவென்று தவழ்கிறார்கள். அதனால்தான் இன்று காலை கீழே போய் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் வாங்கிவந்தேன். "எதுக்குட்டி?" "சும்மா, மைனி." ஏன் சும்மா என்றேன்? அவர்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எபியைத் தூக்கும்போது அவர்களும் கையைக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள், யாரும் சொல்லாமலே. அது எனக்கு வலிக்கிறது, வேண்டாம் மைனி என்று சொல்லவும் வாய் வரவில்லை. மேலே வந்து கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டெடுத்தேன். ஸ்பூனையும். மூடியையும். பாலைப் பொங்கவிட்டு, பிறகும் பொங்கவிட்டு, அடுப்பிலேயே நின்றேன். கிண்ணத்தில் ஊற்றினேன். ஆறவைக்க வேண்டும், ஆமாம், ஆறவைத்தேன், மூடாமல் ஆறவைத்தால் காற்றில் என்னென்ன விழும், மூடினால் ஆறாது, வெதுவெதுப்பில் கிடக்கிற பால்தான் கிருமிக்குப் பஞ்சுமெத்தை, லேபில் அப்படித்தான் சொல்வோம், அந்த நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. சீக்கிரம் உறையை ஊற்றிவிட்டால் சீக்கிரம் காவல் வந்துவிடும் என்று தோன்றியது. ஊற்றினேன். கலக்கினேன். குனிந்து கலக்கினேன், ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றி நைட்டி ஓரத்தில் துடைத்தேன், போட்டுக்கொண்டேன், மூடினேன்.

கண்ணாடியை ஏன் துடைத்தேன்?

ஆவி. ஆவி படிந்தது. குனிந்ததும் இரண்டு கண்ணாடியிலும் வெள்ளையாக ஆவி. கண்ணாடியை மறைக்கிற அளவு ஆவி என்றால் அந்தப் பாலில் விரல் வைக்க முடியாது, ஒரு விநாடி வைக்க முடியாது, நான் விரல் வைக்கவுமில்லை, விரல் வைக்கக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும். அந்தச் சூட்டில் அந்த ஒரு ஸ்பூன். அத்தனையும் செத்திருக்கும். ஊற்றிய கணமே. காலையிலிருந்து உறுத்தியது இதுதான். எபியின் தலை என் கையில் கனக்கிறது. லேபில் இதை யாராவது செய்திருந்தால், எவ்வளவு பரிகாசம் பண்ணியிருப்போம் நானும் ஷாகுலும், காவல்காரனை வெந்நீரில் முக்கிவிட்டு வாசலைத் திறந்து வைத்தாயாக்கும் என்று. வாசல் திறந்துதான் கிடக்கிறது. காய்ச்சினால் எல்லாம் சாகும் என்று நினைப்பது மற்றவர்கள். சில கிருமிகள் கொதிநீரில் வித்துமாதிரிச் சுருண்டு கிடக்கும், பால் ஆறியதும் முளைக்கும். தயிர் பாக்டீரியா உயிரோடு இருந்தால் பாலைப் புளிக்கவைத்து அவற்றை எழவிடாது. இப்போது அது இல்லை. காலையிலிருந்து தூத்துக்குடி மே மாத வெக்கையில், சுத்தமான கிண்ணத்தில், சுத்தமான மூடிக்குக் கீழே, யாருமே காவலில்லாத பால். அந்தப் புரதம் சூட்டைத் தாங்குமே என்று மனசு ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கிறது, தாங்கும்தான், ஒரு ஸ்பூனில் இருந்தது அரை லிட்டருக்கு எம்மாத்திரம், செய்கிறவர்கள் செத்த பிறகு? கீழே மைனி வீட்டுப் பானை, அத்தனை விரலும் அத்தனை முந்தானையும் பட்டது, பாதுகாப்பாக இருக்கிறது. இந்த வீட்டிலேயே ஆபத்தான பாத்திரம் நான் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துக் கழுவியதுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் நானே ஊட்டியிருப்பேன். தயிராக உறையாவிட்டாலும் பரவாயில்லை, கெட்ட வாடை இல்லையே என்று, ஒருவேளை ஊட்டியிருப்பேன்.

அந்த நினைப்பில் உடம்பு தூக்கிப் போட்டதில் எபி விழித்துவிட்டான். அழவில்லை. என் முகத்தையே பார்த்தான், யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கிறவனைப் போல, பிறகு அடையாளம் கண்டு சிரித்தான், கீழே இரண்டு பல், பிறகு பசி ஞாபகம் வந்து அழுதான். மரத்த கையால் தூக்க முடியாமல் மற்றக் கையால் இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். மேலே மெல்லிய ஆடை, கிண்ணத்தைச் சாய்த்தால் அதுபாட்டுக்கு ஒரு பக்கம் வருகிறது, தண்ணீராக, வெள்ளையாக, அழகாக. மோந்து பார்த்தேன். நல்ல பால் வாசனை. ஒரு குற்றமும் சொல்ல முடியாத வாசனை. தொட்டியில் கொட்டினேன், கொட்டிய இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். குக்கரில் அவனுக்கென்று குழையவிட்ட சோறு இருந்தது, சூடாக. எபி என் நைட்டியைப் பிடித்து இழுத்து, மார்பில் முட்டி, அங்கே பால் இவ்வளவுதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கத்தினான். படிக்கட்டின் மேல்படியில் போய் நின்றுகொண்டு கூப்பிட்டேன். 

"மைனி! இன்னைக்கு உறைஞ்ச தயிர் இருக்கா?" "இருக்குட்டி, புளிக்காதது. உங்க அத்தான் வந்துட்டானா என்ன?" "இல்ல மைனி. எபிக்கு."   பிறகு படியேறி வருகிற மூச்சு, தட்டு மூடிய கிண்ணம், மூடியின் மேலேயே முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். "நீ காலைல ஊத்துனது?" "உறையல மைனி. கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன்." சிரிப்பார்கள் என்று பார்த்தேன், ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள், கான்வென்டுல பாலுக்குச் சூடே இருக்காதுபோல என்று. சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கொடுக்கவுமில்லை. "ஏட்டி, இது நான் விரல விட்டுக் கலக்குனது." "தெரியும் மைனி." "கைய என்னத்தக் கழுவுனாலும் கிருமி இருக்கும்னு நீதான சொல்லுவ." "இருக்கணும் மைனி. இருந்தாத்தான் உறையும்." "எனக்குப் பயமாருக்குட்டி," என்றார்கள், சட்டென்று, எபியைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு அவன் கால்ல ஊசி போட்டாங்கள்ல, நான் வெளிய பெஞ்சுல உக்காந்து என் கையவே பாத்துட்டிருந்தேன். அவன் இட்லியத் தொட்டது இந்தக் கைதானன்னு. நாளைக்குக் குடுப்போமா? அவுக அப்பன் வரட்டும்." நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்தேன். மாடியில் ஒரு பயம், கீழே ஒரு பயம், நடுவில் இவன் மெலிந்துகொண்டு வந்திருக்கிறான். "மைனி, அவனுக்கு நாளைக்கு இல்ல, இப்பப் பசிக்குது," என்றேன். "உள்ள வாங்க. அவனைப் பிடிங்க."

மைனி தரையில் உட்கார்ந்து அவனை மடியில் இருத்திக்கொண்டார்கள். சோற்றைத் தட்டில் பரப்பினேன், மைனி மாதாகோயில் பத்திரிகையை எடுத்து விசிறினார்கள், எபி அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பத்திரிகையைப் பிடிக்கப் பார்த்தான். சோறு ஆறுகிறதா என்று புறங்கையை வைத்தேன். பிறகு புறங்கை வேண்டாம் என்று விரலை வைத்தேன். சூடு போயிருந்தது. கொதிநீரில் போடாத கரண்டியால் தயிரை எடுத்து ஊற்றி, என் விரலாலேயே பிசைந்தேன், ஒரு பருக்கை தெரியாமல், கல் உப்பு இல்லாமல், சீனி இல்லாமல்.  "ஏட்டி, பூசை வைக்கிற மாதிரி இருக்கு உன்னப் பாத்தா, குடு," என்றார்கள் மைனி. விரல் நுனியில் ஒரு துளி எடுத்து அவன் உதட்டுக்குள் வைத்தேன். எபியின் முகம் அப்படியே சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குலுக்கி, கால் விரல் வரைக்கும் ஒரு நடுக்கம் போய் வந்தது.  துப்பப்போகிறான் என்று மைனி உள்ளங்கையை அவன் தாடைக்குக் கீழே ஏந்தினார்கள். துப்பவில்லை. தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது, நான் பார்த்தேன், அந்த வெறும் கழுத்தில் அது ஏறி இறங்கியதைப் பார்த்தேன். போய்விட்டது, உள்ளே போய்விட்டது, இனி என் கையில் இல்லை. இன்றைக்கு முழுக்க, நாளைக்கு முழுக்க, ஒவ்வொரு துணியையும் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன், வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், மைனியும் படியேறி ஏறி வந்து கேட்பார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் இருக்காது. எனக்குத் தெரியும். இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மைனி என் முழங்கையைத் தட்டினார்கள். எபி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ திறந்திருக்கிறது. நான்தான் தாமதம்.